தொட்டுவிட்டுப் போகலாமாம்

கொட்டாஞ்சேனை
10 பெப்ரவரி 2025

அன்புள்ள கனகேஸ்வரி டீச்சர்,

நான் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் என்னைக் கேட்டீர்கள்: "மெற்றில்டா, தெரியாத இங்கிலீஷ் சொல் வந்தால் நீர் என்ன செய்வீர்?" நான் சொன்னேன்: "முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற சொற்களைப் பார்ப்பேன். அதுவும் சரிவராவிட்டால் உங்களைப் பார்ப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல், "முதலாவது நல்ல வழி" என்றீர்கள்.

இன்றைக்கு முதலாவது வழியில் போய்ப் பார்த்துவிட்டேன். சரிவந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் உங்களிடம் காட்டாமல் மனம் ஆறவில்லை.

என் மகன் றேமண்ட் கப்பலில் சமையல் வேலை செய்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். போன கிழமை நடுக்கடலில் அவனுக்கு வயிற்றுக்குத்து. வாயு என்று நினைத்து இஞ்சித்தண்ணி குடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறான். குடல்வால் வெடித்துவிட்டது. தென்னாபிரிக்காவில், டர்பன் துறைமுகத்தில், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. அங்கே ஒரு நர்ஸ்தான் எனக்குப் போனில் செய்தி அனுப்புகிறா. நேற்று வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"ஹீ இஸ் இன் ஐ.சி.யு. விசிட்டர்ஸ் லிமிட்டட். இட்ஸ் டச் அண்ட் கோ அட் த மோமன்ட். வீ வில் கீப் யூ போஸ்டட்."

விசிட்டர்ஸ் லிமிட்டட் விளங்குகிறது. கூட்டம் போடக்கூடாது. அதற்குப் பின்னால் வருவதால் மற்றதும் விளங்குகிறது. தொடலாம், ஆனால் நிற்காமல் போய்விட வேண்டும். செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நாங்கள் செய்வதுதானே? வரிசையில் வா, தொட்டுக் கும்பிடு, போ. போனில் மொழிபெயர்ப்பும் போட்டுப் பார்த்தேன். "தொட்டுச் செல்லுங்கள்" என்றே வந்தது. இனிமேல் தகவலைத் தபாலில் அனுப்புவார்களாம். தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

டீச்சர், இவனுடைய அப்பா கொரோனாவில் போனபோது பெட்டி மூடியபடிதான் இருந்தது. ஒரு விரல்கூட வைக்க விடவில்லை. இந்தமுறை தொடலாம் என்கிறார்கள். அதுவே எனக்குப் பெரிது. நாளைக்குப் பாஸ்போர்ட் கந்தோருக்குப் போகிறேன். எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு வந்து தொடலாம் என்று கேட்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். நன்றியும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் காதுக்குப் போன் சரிவராது. என் முழங்காலுக்கு உங்கள் நாலாம் மாடி சரிவராது. உங்கள் மகள் ரூபிகாவின் போனுக்கு அனுப்பலாம்தான். ஆனால் இது இன்னொருவர் கண் வழியாக உங்களிடம் வரவேண்டாம் என்று பட்டது. எங்கள் சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிற ஹபீஸ் கொண்டுவருவார். நல்ல மனிசன். பதிலை வாங்கித்தான் திரும்புவேன் என்றார்.

உங்கள்
மெற்றில்டா


வெள்ளவத்தை
11 பெப்ரவரி 2025

அன்புள்ள மெற்றில்டா,

உம்முடைய கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். ஹபீஸ் கதவடியில் நிற்கிறார். இருக்கச் சொன்னால், "இல்ல டீச்சர், நீங்க எழுதுங்க" என்கிறார். லிப்ட் இன்னும் பழுது. என் இடுப்பெலும்பு பொருந்தும்வரை படியிறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உம்முடைய வீட்டுக்கு வந்திருப்பேன்.

சுலபமானதை முதலில் சொல்லுகிறேன். "கீப் யூ போஸ்டட்" என்றால் தபாலில் போடுவதல்ல. அவ்வப்போது தெரியப்படுத்துவோம் என்பதுதான். தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போனைப் பக்கத்தில் வைத்திரும்.

மற்றது பேச்சுவழக்கில் வரும் ஒரு தொடர். அதில் "டச்" இருந்தாலும் தொடுவது இல்லை. "கோ" இருந்தாலும் போவது இல்லை. உதாரணமாக, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, பிள்ளைகளின் விளையாட்டுப்போட்டி நடக்குமா என்று கேட்கிறீர். அதிபர், "டச் அண்ட் கோ" என்கிறார். நடந்தாலும் நடக்கும். இன்னொன்று: நீர் ஓடிவந்து கோட்டை ரயிலைப் பிடித்துவிட்டீர், ஆனால் கால் வைக்கவும் ரயில் வெளிக்கிடவும் சரியாக இருந்தது. அதையும் அப்படிச் சொல்லலாம். முதலாவதில் முடிவு தெரியாது. இரண்டாவதில் நல்லபடி முடிந்துவிட்டது, மயிரிழையில்.

எங்கிருந்து வந்தது என்பதற்குக் கப்பற்காரர் கதையொன்று சொல்வார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கப்பலின் அடி தரையில் தட்டும். தட்டினாலும் சிக்காமல் நகர்ந்துவிட்டால் பிழைத்தது. நீர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். இதை என்னைவிட நன்றாக உம்மால் மனதில் காணமுடியும்.

இரத்மலானையில் தம்பி வீட்டு மொட்டைமாடியில் இருந்தால் சின்னப் பயிற்சி விமானங்கள் தெரியும். கீழே இறங்கி, சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதும், நிற்காமல் அப்படியே திரும்ப எழும்பிவிடும். அதற்கும் இதே பெயர்தான். எழும்பிவிடும் மெற்றில்டா, ஒவ்வொருதரமும் எழும்பும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லும்போதும் ஏறக்குறைய அந்தக் கருத்துத்தான். பாஸ்போர்ட்டை எப்படியும் எடும். நேரம் கேட்கும் கடிதத்தைப் பிறகு எழுதுவோம்.

அன்புடன்
கனகேஸ்வரி


கொட்டாஞ்சேனை
12 பெப்ரவரி 2025

டீச்சர்,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மழை வருகிறது. ரயில் வருகிறது. கப்பல் வருகிறது. பிளேன் வருகிறது. என் பிள்ளை எங்கே?

"ஏறக்குறைய அந்தக் கருத்து" என்று நீங்கள் ஒரு பரீட்சைத் தாளில்கூடப் புள்ளி போட்டதில்லை. "ஏறக்குறைய என்றால் பூச்சியம்" என்று பிள்ளைகளிடம் சொல்லுகிறவர் நீங்கள். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளையல்ல. மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தவள். தமிழில் ஒரு சொல் தாருங்கள். ஒரே சொல்.

மெற்றில்டா


வெள்ளவத்தை
12 பெப்ரவரி 2025

மெற்றில்டா,

இழுபறி.

அவன் பிழைப்பது ஒரு பக்கமும் பிழைக்காமல் போவது மறுபக்கமும் நின்று இழுக்கின்றன. எந்தப் பக்கம் வெல்லும் என்று டொக்டர்மாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

கனகேஸ்வரி


கொட்டாஞ்சேனை
14 பெப்ரவரி 2025

அன்புள்ள டீச்சர்,

நேற்று முழுக்க உங்களோடு கோபமாக இருந்தேன். பிறகு கோபப்பட வேறு ஆள் இல்லாததால்தான் என்று விளங்கியது. டொக்டரைத் தெரியாது. கப்பல்காரர் போனை எடுப்பதில்லை. அந்தோனியாரோடு கோபித்தால் நாளைக்கு நான்தான் வெட்கத்தோடு போய் நிற்கவேண்டும். மிச்சம் நீங்கள்தான்.

பாஸ்போர்ட் கந்தோரில் இந்த மாத முடிவில் ஒரு திகதி தந்திருக்கிறார்கள். முந்திக் கிடைக்காதாம். அதற்குப் பிறகு விசா. நான் அந்த ஐயாவிடம் சிங்களத்தில் சொன்னேன், மகன் ஐ.சி.யு.வில் என்று. அவர் எழும்பி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கையை விரித்து, "அம்மே, மட்ட கரன்ன தெயக் நே" என்றார். தன்னால் செய்ய ஒன்றுமில்லையாம். அவருடைய முகத்தைப் பார்த்தால் நான்தான் ஆறுதல் சொல்லவேண்டும் போலிருந்தது.

ஆகவே என்னால் போய்த் தொட முடியாது. அதை விட்டுவிட்டேன். இப்போது வேறொன்று கேட்கிறேன்.

அந்த நர்ஸின் பெயர் பிள்ளே. தமிழ்ப் பெயர்தானே என்று குதூகலப்பட்டுத் தமிழில் ஒரு நீளச் செய்தி எழுதி அனுப்பினேன். தன்னுடைய ஆட்கள் முன்னம் கதைத்தார்களாம், தனக்கு ஒரு சொல்லும் தெரியாதாம், மன்னிக்க வேண்டுமாம். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

றேமண்டைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவது பெரிய பாடு. கூப்பிட்டால் எழும்ப மாட்டான். தண்ணி தெளித்தாலும் திரும்பிப் படுப்பான். இடது கால் பெருவிரலைப் பிடித்து மெல்ல ஒருதரம் இழுத்தால் மட்டும், "விடுங்கம்மா, எழும்பிட்டேன்" என்பான். போன வருஷம் லீவில் வந்தபோதும் அப்படித்தான் எழுப்பினேன். தாடி வைத்த ஆம்பிளை, அதே சொல்.

அந்தப் பிள்ளையிடம், எனக்காக அவனுடைய விரலை ஒருதரம் அப்படி இழுத்துவிடச் சொல்லுங்கள். நல்ல இங்கிலீஷில் எழுதுங்கள். இந்த வீட்டில் எல்லாம் பைத்தியங்கள் என்று நினைத்துவிடக்கூடாது.

உங்கள்
மெற்றில்டா


வெள்ளவத்தை
15 பெப்ரவரி 2025

அன்புள்ள மெற்றில்டா,

கடிதம் இத்துடன் இருக்கிறது. ஏழே வரி. ஆனால் காலையிலிருந்து எழுதினேன்.

ஏன் என்று சொல்லுகிறேன், நீர் சிரிக்கலாம். இங்கிலீஷில் ஒருவருடைய காலை இழுப்பது என்றால் அவரைப் பகிடி பண்ணிச் சிரிப்பது. நீர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தால், "ஐ.சி.யு.வில் கிடக்கிறவனை என் சார்பில் கொஞ்சம் பகிடி பண்ணிவிடுங்கள்" என்று வாசித்திருப்பா. உம்முடைய பயம் பலித்திருக்கும். ஆகவே கால் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டேன். இங்கிலீஷில் கால்விரலுக்குத் தனிச் சொல் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. "இடது பெருவிரலைப் பிடித்து, மெதுவாக ஒருமுறை உங்கள் பக்கம் இழுங்கள். சிறுவயது முதல் அவன் அதற்குத்தான் கண் விழிப்பான். என்னால் வர முடியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். கடைசி வசனம் உம்முடைய கடிதத்தில் இல்லை. ஆனால் இருந்தது.

"டச்" என்ற சொல்லையும் நான் போடவில்லை. அந்தச் சொல்லோடு எனக்கு இப்போது கொஞ்சம் மனஸ்தாபம்.

பார்த்துப் பார்த்துப் போனில் தட்டிக்கொண்டிருக்காமல் தாளை அப்படியே படம் பிடித்து அனுப்பும். என் கையெழுத்தை வாசிப்பா. முப்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிய கை.

அன்புடன்
கனகேஸ்வரி


கொட்டாஞ்சேனை
17 பெப்ரவரி 2025

அன்புள்ள டீச்சர்,

செய்திருக்கிறா! நேற்றுப் பின்னேரம் பதில் வந்தது. "டன்." விரலை இழுத்தபோது கால் அசைந்ததாம். கண் திறக்கவில்லையாம். ஆனால் கால் தானாகப் பின்னுக்குப் போனதாம். எனக்குத் தெரியும் டீச்சர், அது "விடுங்கம்மா" தான்.

தினமும் காலையில் வேலைக்கு வரும்போது செய்வதாகவும் சொல்லியிருக்கிறா. நான் கேட்கவேயில்லை.

கடைசியில் ஒரு வரி: "ஹீ இஸ் எ ஃபைட்டர்." இதை மொழிபெயர்ப்பில் போடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. சண்டைக்காரன் என்று ஏன் எழுதுகிறா? குழாயைப் பிடுங்கி, ஆட்களுக்கு அடித்துவிட்டானா? பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளை அவன். ஹபீஸைக் கேட்டேன். "நல்ல வார்த்தைதான் அம்மா, குத்துச்சண்டைக்காரங்களுக்குச் சொல்றது" என்கிறார். எனக்கு அவருடைய இங்கிலீஷில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். முப்பது வருஷமாக நீங்கள் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுகிறீர்கள். உங்கள் ஊர் மரியாதை என்று தெரியும். எங்கள் பக்கத்தில் "நீர்" என்றால் தண்ணி. ஒருநாளும் "நீ" என்று வாயில் வராதா? சும்மா கேட்டேன். இன்றைக்கு எனக்கு எதையாவது கேட்கவேண்டும் போலிருக்கிறது.

உங்கள்
மெற்றில்டா


வெள்ளவத்தை
18 பெப்ரவரி 2025

அன்புள்ள மெற்றில்டா,

ஹபீஸ் சொன்னது சரி. அவரிடம் மன்னிப்புக் கேளும். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் கருத்து. யாருக்கும் அடிக்கவில்லை. நோயாளிகளைப் பற்றி இதைச் சொல்வார்கள். கைவிடத் தயாராக இருக்கிறவனைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். இது நல்ல சொல். நல்ல செய்தியா என்று மட்டும் என்னைக் கேட்க வேண்டாம். சொல்லுக்கு மட்டுமே நான் பொறுப்பு நிற்க முடியும்.

லிப்ட் திருத்துகிறவர் நேற்று வந்தார். கதவைத் தொட்டுப் பார்த்தார், போய்விட்டார். நீர் சொன்ன கருத்தில் "டச் அண்ட் கோ"வைப் பாவிக்கவும் ஒரு இடம் கிடைத்துவிட்டது.

மேலிருந்து பார்த்தால் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரிகின்றன. காலையில் கதிரையைப் பல்கனியில் போட்டு அதில் இருக்கிறேன். அந்தப் பக்கம்தான் டர்பன் என்று நினைக்கிறேன், சரியான திசை தெரியாது. உமக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத்தரக்கூட முடியாத தூரத்தில் இருக்கிறேன். அதே கொழும்பில்.

"நீ" என்பதைப் பற்றி யோசிக்கிறேன். இந்த வயதில் பழக்கத்தை மாற்றுவது, நீர் அறிவீர், சுலபமல்ல.

அன்புடன்
கனகேஸ்வரி


கொட்டாஞ்சேனை
20 பெப்ரவரி 2025

டீச்சர்,

இந்தமுறை உங்களுக்கு வேலை வைக்கவில்லை. ஒரு சொல்லுக்கும் அகராதி தேவைப்படவில்லை. "ஹீ டைய்ட் திஸ் மோர்னிங். ஐ வாஸ் ஹோல்டிங் ஹிஸ் ஃபுட்." ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். அவனுடைய காலைப் பிடித்தபடி இருந்திருக்கிறா.

உங்கள் கப்பல் நகர்ந்துவிடும் என்றீர்கள். பிளேன் எழும்பிவிடும் என்றீர்கள். நான் வைத்த கருத்துத்தான் சரி. தொட்டாங்க. போயிட்டான்.

ஆட்கள் வருகிறார்கள், கட்டிப்பிடித்து அழுகிறார்கள், போகிறார்கள். என்னை ஒருவரும் தொட வேண்டாம். கதவைப் பூட்டிச் சங்கிலி போட்டுவிட்டேன். பங்குச் சுவாமியாரையும் திருப்பி அனுப்பினேன். உடல் வர இன்னும் ஒரு கிழமையாவது செல்லுமாம். அதுவரை எனக்கு எழுத வேண்டாம். உதாரணங்கள் போதும்.

மெற்றில்டா


கொட்டாஞ்சேனை
22 பெப்ரவரி 2025

மெற்றில்டா,

மேலே ஊரின் பெயரைப் பார். நான் பிழையாக எழுதவில்லை.

உன்னுடைய ஒழுங்கைக்குள், உன் வீட்டுக்கு முன்னால், ஹபீஸின் ஓட்டோவுக்குள் இருந்து மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான். நீ எழுத வேண்டாம் என்றாய். அதனால் இதை வீட்டிலிருந்து அனுப்பாமல், இங்கேயே எழுதி, கதவுக்குக் கீழால் தள்ளச் சொல்லி ஹபீஸிடம் கொடுக்கிறேன்.

லிப்ட் இன்னும் பழுதுதான். காலையில் ஹபீஸும் எங்கள் வாசலில் காவலுக்கு நிற்கிற வோச்சரும் என்னைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து நாலு மாடியும் தூக்கி இறக்கினார்கள். இரண்டாம் மாடியில் ஒருதரம் கதிரை சரிந்தது. நான் கத்திய கத்தில் அந்த மாடி முழுக்கக் கதவு திறந்தது. ரூபிகா கீழே நின்று திட்டிக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டும் இருந்தாள். "இறக்கினது போல இல்ல டீச்சர், திரும்ப ஏத்துறது ஏலாது" என்று ஹபீஸ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் அதைத்தான் நினைக்கிறேன். இரண்டு உடுப்பும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

உன் கருத்துப் பிழையென்று வாதாட நான் வரவில்லை. அன்றைக்கு முதற்கடிதத்திலேயே ஒரே சொல்லில் எழுதியிருக்கலாம். கை வரவில்லை.

நீ கேட்காமல் ஒன்று செய்தேன். ரூபிகாவின் போனில் அந்த நர்ஸ் பிள்ளைக்கு ஒரு கேள்வி எழுதினேன்: பெட்டி வந்ததும் தாய் திறந்து பார்க்கலாமா, தொடலாமா என்று. "டச்" என்ற சொல்லையே போட்டேன். இங்கே அதற்கு ஒரு கருத்துத்தான். அவ விசாரித்து நேற்றுப் பதில் எழுதியிருக்கிறா. அதிலும் சுற்றிவளைப்பு இல்லை. "யெஸ். ஷீ மே." திறக்கலாம். தொடலாம். யாரும் உன்னைப் போ என்று சொல்லமாட்டார்கள்.

அவனுடைய கால்விரல்களுக்கு மேல் துணி சுற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாவாம். அது அவவே நினைத்துச் செய்தது.

எனக்கு எவருடைய உதவியும் இல்லாமல் இந்த ஓட்டோவிலிருந்து இறங்க முடியாது. ஹபீஸும் வேறு இரண்டு பேரும் என்னைத் தூக்கி உன் வாசற்படியில் வைப்பார்கள். உள்ளே விடு என்று கேட்கவில்லை. நான் கதைக்க மாட்டேன். நீ கதைத்தாலும் எனக்குக் கேட்காது. சங்கிலியை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

கதவை நாலு விரல் அளவு திறந்து, கையை வெளியே நீட்டு.